மையத்து வீட்டுச் சோறு

கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்த அப்துல் ஹலீம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயதுகூட நிரம்பாத மனிதர். சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை. காலையில் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவரை மதியத்துக்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, சாயந்தரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்க மாசக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆளை இல்லாமல் ஆக்குவதற்கு ஒரு பகல் போதுமாக இருக்கிறது.

அவர் மனைவி ஆரிபா அழவில்லை. வந்திருந்த பெண்களுக்கு இது பெரிய கவலையாகப் போய்விட்டது. ஒருத்தி கட்டிப்பிடித்துக் கதறிப் பார்த்தாள். இன்னொருத்தி, ஹலீம் கடைசியாக வாங்கிக்கொடுத்த சேலை என்ன கலர் என்று கேட்டுப் பார்த்தாள். ஆரிபா கலரைச் சொன்னாள். அதோடு சரி. “அழுதுரும்மா, உள்ளயே வச்சுக்கிட்டா நெஞ்சடைச்சிரும்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அழக்கூடாது என்று அவள் ஒன்றும் வைராக்கியம் பிடித்திருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதட்டைக் கடித்தால் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நம் உதடுதான் என்று தெரியும், கடிபடுவது தெரியாது.

வெள்ளைச் சேலை உடுத்தி, உள் அறையில் ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து அவளை உட்கார வைத்தார்கள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதத்துக்கு மேல் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தா தொடங்கிவிட்டது. அவளுக்கு அதிலும் ஆட்சேபணை இல்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொல்லியிருந்தால் எழுந்திருப்பாள்.

வீட்டை நடத்தும் பொறுப்பை ஹலீமின் அக்கா ஃபாயிஸா எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே வேலை செய்யத் தெரிந்த பெண் அவள். முந்தானையால் ஒரு கண்ணைத் துடைப்பாள், இன்னொரு கண்ணால் டீ டம்ளர் எத்தனை திரும்பி வந்தது என்று பார்ப்பாள். தம்பியின் மையத்தை எடுப்பதற்கு முன்னாலேயே அவள் அடுப்படிக்குப் போய் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டாள். மையத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் காலங்காலமாக இருந்துவரும் பழக்கம். துக்க வீட்டாருக்கு மற்றவர்கள் சமைத்துக் கொடுங்கள் என்றுதான் மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது. துக்க வீட்டார் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சூடு பண்ணக் கூடாது என்று எங்கேயும் சொல்லியிருக்கிறதாகத் தெரியவில்லை. ஆனால் பழக்கம் என்று வந்துவிட்டால் அது எங்கே சொல்லியிருக்கிறது என்று யார் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? டீ கடையிலிருந்து பிளாஸ்கில் வந்தது. சோறு, சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து முறை வைத்து வந்தது.

இரண்டாம் நாள் மதியச் சோறு ஆரிபாவின் அண்ணன் அப்துல் வஹீதின் முறை. அவர் இருப்பது திருநகரில். தங்கச்சி வீட்டுத் துக்கத்துக்குக் கொண்டுபோகிற சோறு குறையாக இருந்துவிடக் கூடாது என்று அவர் மனைவி சுபுஹுக்கு முன்னாலேயே எழுந்து ஒரு பெரிய தேக்சா நிறைய சோறும், இன்னொன்றில் குழம்பாகக் கோழி ஆணமும் ஆக்கிவிட்டாள். விடிகிற நேரத்திலேயே வேலை முடிந்துவிட்டது. சூடு போகாமல் இருக்க மூடியை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தாள். வஹீது முற்பகலில் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திருப்பரங்குன்றம் ரோட்டில் மாட்டி, பழங்காநத்தத்தில் மாட்டி, பெரியார் நிலையத்துப் பக்கம் அரைமணி நேரம் நகராமல் நின்று, மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தார். துணியை அவிழ்த்தபோது ஆவி பறந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். துக்க வீட்டில் சாப்பாட்டைப் பாராட்டுவது முறையில்லை என்பதால் யாரும் பாராட்டவில்லை. ஆனால் இரண்டாம் தடவை ஆணம் கேட்காதவர்கள் குறைவு.

ஆரிபா வேண்டாம் என்றாள். ஃபாயிஸா ஒரு எவர்சில்வர் டப்பாவில் சோற்றைப் போட்டு, ஆணத்தை ஊற்றி, நாலு துண்டு கறியும் வைத்து அழுத்தி மூடினாள்.

“உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். எப்பப் பசிக்குதோ அப்பத் திங்கிற. பட்டினி கெடந்து நீயும் படுத்துக்கிட்டா இந்தப் புள்ளைய யாரு பாக்குறது?”

ஃபிரிட்ஜில் இடமில்லை. வந்தவர்கள் வாங்கி வந்த பால் பாக்கெட்டும் திராட்சையும் குளுக்கோஸ் டப்பாவும் கதவை மூடவிடாமல் பிதுங்கிக்கொண்டிருந்தன. அதனால் டப்பாவை ஆரிபாவின் கைக்கு எட்டுகிற மாதிரி ஜன்னல் திட்டில் வைத்தாள். சித்திரை மாத வெயில். மேற்குப் பார்த்த ஜன்னல். மூன்று மணிக்கு மேல் அந்தத் திட்டில் கையை வைக்க முடியாது. அந்த வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை.

ஆரிபாவின் மகன் ஆசிப்புக்கு நாலு வயது. முதல் நாள் முழுக்கப் பக்கத்து வீடுகளில் கைமாறிக்கொண்டிருந்தான். பார்த்தவர்களெல்லாம் பிஸ்கட்டைக் கொடுத்துத் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். துக்க வீட்டில் சின்னப் பிள்ளையின் வயிறு யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை. இவள் ஊட்டியிருப்பாள் என்று அவளும், அவள் ஊட்டியிருப்பாள் என்று இவளும் இருந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லி, பெண்கள் எல்லாரும் முன் அறையில் தொழுகைக்கு நின்ற நேரம் அவன் அம்மாவிடம் வந்து மடியில் முட்டினான்.

“பசிக்குதும்மா.”

ராத்திரிச் சோறு நெல்பேட்டையிலிருந்து வர வேண்டும். இன்னும் வரவில்லை. ஆரிபா ஜன்னல் திட்டில் இருந்த டப்பாவை எடுத்தாள். திறந்து பார்த்தாள். சோறு கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தது. மோந்தும் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து எதை மோந்தாலும் அவளுக்கு அத்தர் வாசமும் ஊதுபத்தி வாசமும்தான் அடித்துக்கொண்டிருந்தது. சூடு பண்ணிக் கொடுப்போம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். வாணலியை எடுத்தாள், லைட்டரை எடுத்தாள். குனிந்து சிலிண்டரில் கை வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது. பற்றவைத்தால் போனவருக்கு ஆகாது என்று ஃபாயிஸா மதினி சொல்லியிருக்கிறாள். போனவர் யார் என்று ஒரு கணம் யோசிக்கவேண்டியிருந்தது. வாணலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கறியைப் பிய்த்து, எலும்பு பார்த்து எடுத்துப் போட்டு, சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். பையன் அடம் பிடிக்காமல் சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிடுகிற ஆளே கிடையாது; ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பான். அன்றைக்கு மளமளவென்று இறங்கியது. மிச்சத்தில் இரண்டு வாய் அவளும் போட்டுக்கொண்டாள். உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டபோது, இரண்டு நாளில் முதல்முறையாக ஒரு காரியம் செய்து முடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

விடிகாலையில் ஆசிப் வாந்தி எடுத்தான். பாயெல்லாம் நாசம். துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் எடுத்தான். அப்புறம் வயிற்றாலை போக ஆரம்பித்தது. முதலில் கெட்டியாக, அப்புறம் தண்ணியாக, அப்புறம் வெறும் தண்ணீரில் சளி மாதிரி ஏதோ மிதக்க. உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டில் தங்கியிருந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் எழுந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

“நேத்து வந்த கோழிதான். திருநகர்ல இருந்து வந்துச்சுல்ல” என்று ஒருத்தி மெதுவாக இழுத்தாள்.

ஃபாயிஸா உடனே வெட்டினாள். “சும்மா இரு. அம்புட்டுப் பேரும்தானே அதைத் தின்னோம்? உனக்கு ஏதாவது ஆச்சா? எனக்கு ஆச்சா? நீதானே ரெண்டாவது தட்டு வாங்குன?”

எல்லாரும் ஒரே தேக்சாவிலிருந்துதான் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை. அப்படியென்றால் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லையென்றால் என்ன? பையன் அத்தாவின் மையத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். முகத்தைத் திறந்து காட்டியபோது யாரோ அவனைத் தூக்கிக் காட்டினார்களே, அப்போது ஒட்டிக்கொண்ட பயம். அதோடு அத்தா ஏக்கமும் சேர்ந்துகொண்டது. இப்படிப் பேசி எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வக்கீல் வைத்து வாதாடியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக ஜன்னல் திட்டைக் கேஸிலிருந்து கழற்றிவிட்டிருக்க முடியாது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பயத்துக்கான வைத்தியம். ஓதி ஊதினார்கள். நெற்றியில் கை வைத்து துஆ செய்தார்கள். தண்ணீர் கேட்டு அழுதவனுக்குத் தண்ணீர் கொடுக்க விடவில்லை. “குடுக்கக் குடுக்கத்தான் கக்குறான். வயிறு காயட்டும்” என்றாள் ஃபாயிஸா. அக்கறையில்தான் சொன்னாள். தம்பி போன வீட்டில் தம்பி மகனைப் பார்த்துக்கொண்டு அவள் பதறிய பதற்றம் பொய்யில்லை. காலையில் வந்த வஹீது, மெடிக்கலில் கேட்டு வயிற்றாலை நிற்கிற மாத்திரை வாங்கி வந்தார். பாதியை உடைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். வயிற்றாலை நின்றது. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அன்று போனவருக்காக மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிற நாள். வாசலில் நாற்காலி போட்டாயிற்று. பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து உட்கார்ந்துவிட்டார். “ஃபாத்திஹா முடியட்டும். ஓதுன தண்ணியக் குடுப்போம், எந்திரிச்சு வெளையாடுவான். அப்பவும் ஒரு மாதிரியா இருந்தா நாங்க தூக்கிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வாரோம்” என்று ஃபாயிஸா சொல்லிவிட்டு முன் அறைக்குப் போனாள்.

ஆரிபா பையனை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். விடிகாலையிலிருந்து அப்படியேதான் இருக்கிறாள். யாராவது எதையாவது கொடுத்தால் வாங்கினாள், யாராவது எதையாவது சொன்னால் தலையாட்டினாள். பையனுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, அது எங்கேயோ மேல்மாடியில் யாரோ நடக்கிற சத்தம் மாதிரி இருந்தது. அவனுக்கு வாய் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது.

முன் அறையில் ஓத ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஆசிப் முழித்துக்கொண்டு அழுதான். வாயைக் கோணிக்கொண்டு, உதடு நடுங்க, ஒழுங்காகத்தான் அழுதான். ஆரிபா வழக்கம்போலக் கண்ணைத் துடைக்க முந்தானையைக் கொண்டுபோனாள். துடைப்பதற்கு ஒன்றுமில்லை. இமையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் காய்ந்தே வந்தது. பிள்ளை அழுகிறான், கண்ணீர் இல்லை.

அவள் எழுந்தாள். பையனைத் தோளில் போட்டாள். முன் அறைக்குள் நடந்து, ஓதிக்கொண்டிருந்த பெண்களின் நடுவே கிடைத்த இடத்தில் கால் வைத்து வாசலுக்குப் போனாள். ஃபாயிஸா ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

“எங்கடி போற? இத்தால இருக்குறவ வாசல் தாண்டலாமா? குடு புள்ளைய, நான் தூக்கிட்டுப் போறேன்.”

“வாங்க மதினி, போவோம்” என்றாள் ஆரிபா. கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. காய்கறிக்காரனிடம் அரைக் கிலோ என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனாலேயே ஃபாயிஸா மறுபடி பிடிக்காமல் நிலைப்படியோடு நின்றுகொண்டாள்.

வாசலில் ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதா, திரும்பிக்கொள்வதா என்று புரியாமல் பாதிப் பேர் சுவரைப் பார்த்தார்கள். ஹஸ்ரத் மட்டும் பையனின் முகத்தைப் பார்த்தார்.

“புள்ள உசுருக்கு ஆபத்துன்னா இத்தா தடுக்காது. இம்புட்டு நேரம் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? வஹீது, ஆட்டோவப் புடிங்க” என்றார்.

சந்து முனையில் இருக்கும் செல்வக்குமாரின் ஆட்டோ வந்தது. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல், செல்லூர்ப் பாலம் தாண்டி இருந்த ஒரு சிறிய குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். வழியெல்லாம் ஆரிபா பையனின் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வஹீது பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுவதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

டாக்டர் திவ்யாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பையனின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தூக்கிய தோல் தூக்கியபடியே நின்றது. “லைன் போடுங்க, சீக்கிரம்” என்றாள் நர்ஸ் பாண்டிமீனாவிடம். கையில் நரம்பு அகப்படவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்து, கடைசியில் காலில் கிடைத்தது. பையன் ஊசிக்குக்கூடச் சரியாக அழவில்லை. வஹீதிடம் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்க அனுப்பிவிட்டு, டாக்டர் ஆரிபாவின் பக்கம் திரும்பினாள்.

“எப்பக் கடைசியா ஒண்ணுக்குப் போனான்?”

“நேத்து ராத்திரி.”

“மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

சொன்னாள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “சின்னப் புள்ளைக்கு அதைக் குடுக்கவே கூடாதும்மா. உள்ள இருக்குற கெட்டது வெளிய போகணும்னு உடம்பு தள்ளுது. நீங்க கதவ அடைச்சு வச்சிருக்கீங்க. தண்ணியாவது குடுத்தீங்களா? சரி விடுங்க. நேத்து என்ன சாப்பிட்டான்?”

“சோறு. கோழி ஆணம்.”

“எப்ப ஆக்குனது?”

“காலையில. சுபுஹுக்கு முன்னாடி.”

“எப்ப சாப்பிட்டான்?”

“மஃரிபுக்கு.”

“பகல் முழுக்க எங்க இருந்துச்சு?”

“ஜன்னல்ல. டப்பாவுல.”

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். படித்தவள் மாதிரி இருக்கிறாளே, இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்கிற பார்வை அது. “வேற யாரு சாப்பிட்டா?”

“மதியம் எல்லாரும் சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

“ஆகாது. கோழி வெட்டுன பலகை, அள்ளுன கரண்டி, நம்ம கை, எதுல இருந்தாவது கொஞ்சம் கிருமி ஒட்டியிருக்கும். மதியம் சாப்பிட்டவங்களுக்குக் கொஞ்சம்தான் போயிருக்கும், பெரியவங்க வயிறு தாங்கிக்கிரும். மூடுன டப்பாவுல, இந்த வெயில்ல, சாயந்தரத்துக்குள்ள அது லட்சக்கணக்குல பெருகிரும். அதே சோறு இல்ல அது. இவன் வயிறு எம்புட்டு இருக்கும்? உங்களுக்கு வயிறு வலிக்கலையா? நீங்க அதச் சாப்பிடல?”

ஆரிபா யோசித்துப் பார்த்தாள். வலித்தது. விடிகாலையிலிருந்து வயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு தடவை வெளியேயும் போய்வந்தாள். துக்கத்துக்கு வயிறு இப்படித்தான் செய்யும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

“ரெண்டு வாய் சாப்பிட்டேன்” என்றாள்.

“ஏம்மா, கொஞ்சம் கொதிக்க வச்சுக் குடுத்திருக்கலாம்ல? முக்கால்வாசிக் கிருமி செத்திருக்கும். வீட்ல கேஸ் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

“பத்த வைக்கக் கூடாது டாக்டர். மூணு நாளைக்கு.”

“ஏன்?”

“வீட்ல மவுத்து.”

“யாரு?”

“இவங்க அத்தா” என்றாள் ஆரிபா. மடியில் இருந்த பையனைக் கையால் காட்டினாள். “முந்தாநாத்து. அவருக்காக வந்த சோறுதான் அது.”

டாக்டர் அப்போதுதான் அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். வந்ததிலிருந்து பையனின் தோலையும் நாக்கையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தான் ஊட்டுனேன்” என்றாள் ஆரிபா.

“ஆமா. நீங்கதான் ஊட்டுனீங்க. நீங்கதான் தூக்கிட்டும் வந்தீங்க” என்றாள் டாக்டர். பிறகு எழுந்து, குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள். “மருந்து ஏறுது. தண்ணியும் ஏறுது. ஆனா இவன் ஒண்ணுக்குப் போகணும். அதுதான் இப்ப முக்கியம். சிறுநீரகம் வேலை செய்யுதான்னு அத வச்சுத்தான் தெரியும். சாயந்தரம் வரைக்கும் பாப்போம். போகலன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். பொய் சொல்ல விரும்பல, கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்கீங்க.”

பாண்டிமீனா டயபர் கொண்டுவந்தாள். ஆரிபா வேண்டாம் என்றாள். “மடியிலயே வச்சிருக்கேன். போனா எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டாளே தவிர, தெரியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பையனின் தலை ஒரு தொடையில், கால் இன்னொரு தொடையில். காலில் பிளாஸ்திரி. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிற பாட்டில். வஹீது மருந்தைக் கொடுத்துவிட்டு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். “நான் நல்லாத்தாங்க வேக வச்சேன், எறக்குறப்ப ஒரு துண்டு பிச்சுக்கூடப் பாத்தேன்” என்று அந்தப் பக்கம் அழுவது ஆரிபாவுக்கே கேட்டது. ஃபாயிஸாவும் போன் செய்தாள். ஃபாத்திஹா முடிந்துவிட்டதாம், ஒரு கேனில் ஓதிய தண்ணீர் கொடுத்தனுப்பவா என்று கேட்டாள். பிறகு அவளே, “வேணாம், டாக்டர் சொல்றதக் குடுங்க” என்றும் சொன்னாள்.

“போனானா?” என்று வஹீது கேட்பார். ஆரிபா டவுசரைத் தொட்டுப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் இன்னொரு ஜீவனின் சிறுநீரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்க மாட்டார். முன்னறையில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. இருமல் பிள்ளைகளும் சளிப் பிள்ளைகளும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். பாட்டில் காலியாகி இன்னொன்று மாட்டினார்கள்.

ஆரிபாவுக்குப் பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் கையை விட்டுத் துழாவினால் காலியாக இருந்தது. இவனும் போய்விட்டால்கூட நான் இப்படியே உட்கார்ந்திருப்பேனோ என்று நினைத்தாள். அப்படி நினைத்தும் ஒன்றும் ஆகவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன. மாற்றி உட்காரலாம் என்று தோன்றியது. அசைத்தால் ஊசி நகர்ந்துவிடும் என்று அப்படியே இருந்தாள். அஸர் பாங்கு எங்கிருந்தோ கேட்டது. டாக்டர் வந்து பாட்டிலையும் டவுசரையும் பார்த்தாள். வெளியே போய் யாருக்கோ போன் செய்வது தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் பேசுகிறாள் போலிருக்கிறது.

வஹீது எழுந்தார். “நீ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. இளநி வாங்கிட்டு வாரேன். அப்புறம் கெளம்புவோம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போய்ச் சிறிது நேரத்தில் ஆசிப் லேசாக நெளிந்தான். முகத்தைச் சுளித்தான். ஆரிபா குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. திரும்பவும் பாட்டிலை அண்ணாந்து பார்த்தபோது தொடையில் என்னவோ பட்டது. முதலில் அவளுக்கு என்னவென்று விளங்கவில்லை. மரத்த காலுக்குள் எங்கிருந்தோ ஒரு சூடு இறங்கியது. அது பரவியது. வெள்ளைச் சேலையில் மஞ்சளாக விரிந்து, பாவாடைக்குள் புகுந்து, தொடையில் வழிந்து, முழங்கால் வரைக்கும் போனது. அவ்வளவு சூடாக இருந்தது. ஒரு மனிதப் பிள்ளையின் உடம்புக்குள்ளிருந்து, உயிரோடு இருக்கிற ஒரு உடம்புக்குள்ளிருந்து வருகிற சூடு.

மூன்று நாளில் அவள் மேல் எவ்வளவோ பட்டிருந்தது. கட்டிப்பிடித்தவர்களின் கை, ஹலீமின் நெற்றி, பாய், வெயில். எதுவும் உறைக்கவில்லை. இது உறைத்தது. கடைசியாக ஹலீமின் நெற்றியைத் தொட்டபோது அது எவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்பது இப்போது உறைத்தது. அவர் இல்லை. ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார். நாளைக்கும் வர மாட்டார். இந்தப் பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டான் என்று அவருக்குப் போன் போட்டுச் சொல்ல முடியாது. முதல் நாள் எல்லாரும் சொன்னதுதான். அவளுக்கு இன்றைக்குத்தான் யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதை நிறுத்த முடியவில்லை. பையனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.

இளநியோடு உள்ளே வந்த வஹீது வாசலிலேயே நின்றார். தங்கச்சி அழுவதைப் பார்த்தார். அவள் மடியில் அசையாமல் கிடக்கிற பையனைப் பார்த்தார். கையிலிருந்த இளநி நழுவி உருண்டது. “யா அல்லாஹ்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இல்லை என்று சொல்ல ஆரிபா வாயெடுத்தாள். அழுகையில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. கையை நீட்டி ஆட்டி அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் புரியாமல் முழங்காலிட்டு நகர்ந்து வந்தார். அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பையனின் டவுசர்மேல் வைத்தாள். டவுசர் சூடாக நனைந்திருந்தது.